கப்பல் பட்டியலா, ஆயாவின் பேச்சா, ரத்த மாதிரியா: டர்பனில் ஆய்வுத் தலைப்பு தேடுபவர்களுக்கு

டர்பன் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்ய வருகிற மாணவர்களுக்குத் தலைப்புப் பஞ்சமே கிடையாது. பஞ்சமெல்லாம் நேரத்துக்குத்தான். அதிகம் கேட்கப்படும் வழிகள் மூன்று: ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியலைப் படிப்பது, ஆயாக்களிடம் (பாட்டிகளிடம்) பேட்டி எடுப்பது, ரத்த மாதிரி எடுத்து நீரிழிவை ஆய்வது. தென்னாப்பிரிக்கக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. ஆனர்ஸ் (இளங்கலைக்குப் பிந்தைய ஓராண்டுப் படிப்பு) படிப்பவரின் 120 கிரெடிட்டில் ஆய்வுக்குக் குறைந்தது 30, அதாவது 300 மணி. வாசிப்பு, எழுத்து, மேற்பார்வையாளர் கேட்கும் திருத்தம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பாடங்களோடு சேர்ந்த முதுகலையில் 180-க்குக் குறைந்தது 60 கிரெடிட். முழு ஆய்வேடு என்றால் 180-ம் அதற்கே, 1,800 மணி. எந்த வழி நல்லது என்று கேட்பவர் தன் கையில் இதில் எது இருக்கிறது என்று முதலில் பார்க்கட்டும்.

குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தை மனதில் வைத்தே இங்கே ஒப்பிடுகிறோம். நடால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் 2004 ஜனவரியில் ஒன்றாகிப் பிறந்தது அது. வெஸ்ட்வில்லின் வேர், இந்தியர்களுக்கென்று தனியாகச் சால்ஸ்பரி தீவில் 1961-ல் திறந்த கல்லூரி. காந்தி-லுத்துலி ஆவண மையம் அதே வெஸ்ட்வில் வளாகத்தில் இருப்பதால் கப்பல் பட்டியல் வழியில் வருபவருக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

கப்பல் பட்டியல்

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. 1911-ல் ஒப்பந்தக் கூலி முறை நிற்பதற்குள் வந்தவர்கள் 1,52,184 பேர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), ஊர், உடல் அடையாளம் என்று ஒரு வரி உண்டு. இவ்வளவு சீரான தரவு வேறு எந்தத் தலைப்பிலும் இலவசமாகக் கையில் விழாது.

அளவை ஒரே கப்பலோடு நிறுத்துங்கள். ஒரு வரியைப் படித்து அட்டவணையில் ஏற்ற 2 முதல் 3 நிமிடம் ஆகும். 340 வரிக்கு 11 முதல் 17 மணி. பெயரையும் ஊரையும் சீர்படுத்த அதே அளவு இன்னொரு முறை. பத்தில் ஒரு வரியை வேறொருவரை வைத்துத் திரும்ப ஏற்றிப் பார்த்தால் பிழை விகிதம் தெரிந்துவிடும். எல்லாம் முடிந்தாலும் 300 மணியில் 50 கூடச் செலவாகியிருக்காது. எழுதுவதற்குத் தாராளமாக நேரம் மிஞ்சும் வழி இது ஒன்றுதான்.

கோளாறுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். கவுண்டர் ஒரு வீட்டில் கோவெண்டர் ஆனார், இன்னொரு வீட்டில் கவுண்டனாகவே நின்றார். ஆங்கில எழுத்தில் முனிசாமிக்கு ஒற்றை u-வா, இரட்டை o-வா, கடைசியில் i-யா y-யா என்பது எழுதியவர் கையைப் பொறுத்தது. எனவே மூலத்தில் உள்ளபடி ஒரு பத்தி, நீங்கள் சீர்படுத்தியது ஒரு பத்தி என்று இரண்டும் இருக்கட்டும். மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். ஊர்ப் பெயரில் இன்னும் கவனம் தேவை. ‘நல்லூர்’ என்று மட்டும் கண்டால் வரைபடத்தில் புள்ளி வைத்துவிடாதீர்கள், தமிழ்நாட்டில் நல்லூர்களுக்குக் கணக்கில்லை. ஜில்லாவும் தாணாவும் பொருந்தினால் மட்டும் வையுங்கள். பொருந்தாதவற்றை ‘ஊர் தெளிவில்லை’ என்று எண்ணிக்கையோடு காட்டுங்கள். சாதிப் பத்தியும் ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதியதே. அதை மட்டும் நம்பிச் சமூகப் படிநிலை பேசுகிற ஆய்வேட்டைத் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே மடக்குவார்.

வயதில் ஒரு பொறி உண்டு. 20, 25, 30 என்று குவிந்து கிடக்கும். விப்பிள் குறியீட்டைப் போட்டு அளக்கலாமே என்று தோன்றும்: 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 என முடியும் வயதினரை எண்ணி, ஐந்தால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குவது. குவியலே இல்லையென்றால் 100, எல்லாமே குவியல் என்றால் 500. ஆனால் கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். மிகப் பெரிய குவியலான 20 இந்தச் சூத்திரத்துக்கு வெளியே போய்விடுகிறது. 18 முதல் 32 வரை ஒவ்வொரு வயதுக்கும் எத்தனை பேர் என்று சாதாரணப் பட்டை வரைபடம் போடுவதே நேர்மையானது.

கப்பலை விட்டு இறங்கிய பிறகு அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று தொடர வேண்டுமானால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. இணையத்தில் உள்ள தேசியக் காப்பகக் குறியட்டவணையில் தேடிக் கிடைக்கும் பதிவில் காப்பகக் குறியீடு, மூலம், தொகுதி எண், கோப்பு எண் என நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். தொகுதி எண் விட்டுப்போனால் கோப்பு மேசைக்கு வராது, அன்றைய பயணம் வீண். பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோவது நல்லது.

ஆயாவின் பேச்சு

மாணவர்கள் அதிகம் ஆசைப்படுவது இதற்குத்தான். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட், வெருலம் என்று எங்கே போனாலும் பேச ஆள் உண்டு. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ன் குழு வட்டாரச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கி வைக்கப்பட்ட வீடுகளைப் பற்றி, ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சியதைப் பற்றி, கரும்புத் தோட்ட வரிசை வீடுகளைப் பற்றிக் காகிதத்தில் இல்லாதது பேச்சில்தான் கிடைக்கும். அதை மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க 5 முதல் 6 மணி ஆகும். டர்பன் ஆங்கிலமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் புரளும் பேச்சுக்கு 8 மணி வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி எழுத்தாக்கச் செயலிகள் அந்தக் கலப்பில் தடுமாறி, தமிழ்ச் சொல்லை ஏதோ ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிடும். ஆளுக்கு ஒரு மணி என்று பத்துப் பேர் என்றால் எழுத்தாக்கமே 80 மணி. அதற்கு முன் எதிக்ஸ் கிளியரன்ஸ், அதாவது நெறிமுறைக் குழுவின் அனுமதி. மானுடவியல், சமூக அறிவியல் ஆய்வுகளுக்கென்று தனி நெறிமுறைக் குழு இருக்கிறது. கோவில் சங்கத்தின் வழியாக ஆள் தேடினால் அந்தச் சங்கத்தின் அனுமதிக் கடிதமும் கேட்பார்கள். சங்கக் குழு கூடும் நாளுக்குக் காத்திருந்து காத்திருந்தே ஜூன் வந்துவிடுவது வழக்கம். கடிதத்தைப் பிப்ரவரியிலேயே கேட்டு வையுங்கள், ஆய்வு முன்வரைவு பிறகு மெருகேறட்டும்.

குரல் பதிவும் தனிநபர் தகவல்தான். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி இனம், மதம், உடல்நலம் எல்லாம் சிறப்புத் தகவல். ஆயாவின் அரை மணிப் பேச்சில் மூன்றும் வந்துவிடும். ஒப்புதல் தாளில் பேட்டிக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, பின்னால் காப்பகத்தில் வைக்க ஒன்று என மூன்று கையொப்ப இடம் விடுங்கள். மூன்றாவதை மறந்துவிட்டு, படிப்பு முடிந்து ஒலிப்பதிவைக் கொடுக்கப்போகும்போது திரும்ப வீடு வீடாக அலைகிறார்கள். அதற்குள் சிலர் இருப்பதில்லை.

கேள்வியில்தான் பேட்டி நிற்கிறது. “ஆயா, நம்ம ஆளுங்க எப்படிக் கப்பல்ல வந்தாங்க?” என்று கேட்டால், அவரே பார்த்திராத 1880-களைப் பற்றி, கேட்டுப் பழகிய கதை வரும். “ஆயா, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது காலையில முதல்ல அடுப்புப் பத்தவைச்சது யாரு? என்ன காய்ச்சினாங்க?” என்று கேட்டால் விறகு, தண்ணீர்க் குழாய், யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார்கள், எந்த ஊர்ச் சொல்லால் எதைச் சொன்னார்கள் என்று அவர் கண்ணால் கண்டது வரும். பத்து கேள்வியில் எட்டு இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். பதிவுக் கருவியை மின்விசிறிக்கும் தொலைக்காட்சிக்கும் எதிர்ப்பக்கம் வையுங்கள். லோட் ஷெட்டிங் எப்போது திரும்பும் என்று யார் கண்டது, மின்கலம் கையில் இருக்கட்டும்.

ஆனர்ஸ் மாணவருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு, குறுக்கு வழி என்று சொல்வதே தவறு. காந்தி-லுத்துலி மையத்தில் ஏற்கெனவே பதிவான வாய்மொழிப் பேட்டிகள் இருக்கின்றன. புதிதாகப் பத்து எடுப்பதைவிட அங்குள்ள பத்தைக் கவனமாகக் கேட்டு, ஒரே ஒரு கேள்வியைத் தொடுப்பது நல்ல ஆய்வேடாகும்.

ரத்த மாதிரி

தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம் என்பதால் இந்தத் தலைப்பில் ஆர்வம் நியாயமானதே. ஆனால் மாணவர் தனியாகத் தொடங்கக் கூடாதது இதுதான். எத்தனை சதவீதம் பேருக்கு என்று கண்டுபிடிக்க, 95 சதவீத நம்பகத்தில் 5 சதவீதப் பிழை எல்லையோடு குறைந்தது 385 பேர் வேண்டும். எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் நீரிழிவு. அதற்கு ஊதா மூடிக் குழாயில் ரத்தம், அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், எடுக்கத் தெரிந்த செவிலியர் எல்லாம் வேண்டும். இரும்புச்சத்துக் குறைவான பெண்களிடம் இந்த அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பதால் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. உயிர்மருத்துவ நெறிமுறைக் குழு, அரசு மருத்துவமனைக்குப் போனால் மாகாண சுகாதாரத் துறையின் அனுமதி, உயர் அளவு வந்தவரை எங்கே அனுப்புவீர்கள் என்ற எழுத்துப்பூர்வ ஏற்பாடு. 300 மணி அனுமதிக்கே போய்விடும்.

ஆள் எடுக்கும் இடத்திலும் சறுக்கல். கோவில் வாசலில் மேசை போட்டால் வயதான பெண்கள் அதிகம் சேர்வார்கள், வேலைக்குப் போகும் ஆண்கள் சேரமாட்டார்கள். அந்த எண்ணை ‘பீனிக்ஸ் தமிழர்’ என்று தலைப்பிட்டால் முடிவே தவறு. பேராசிரியர் ஒருவர் ஏற்கெனவே நிதி பெற்று நடத்தும் திட்டத்தில் ஒரு சிறு கேள்வியை எடுத்துக்கொள்பவருக்கு மட்டும் இந்த வழி சரி.

உடல்நலத்தில்தான் ஆசை, ரத்தம் வேண்டாம் என்றால் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டேட்டாஃபர்ஸ்ட் தரவகத்தின் வழியாகத் தேசிய வருமான இயக்கவியல் ஆய்வின் தரவை இறக்கிக்கொள்ளலாம். 2008 முதல் 2017 வரை ஐந்து சுற்று. ஆனால் அதில் இந்தியர் எண்ணிக்கை மிகச் சிறியது, தமிழர் என்று பிரித்தும் பார்க்க முடியாது. புள்ளியியல் பயிற்சிக்கு நல்லது, தமிழரைப் பற்றிய கேள்விக்கு உதவாது.

மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1925-லிருந்து இயங்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றி ஆய்வு செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். எல்டானா தண்டுத் துளைப்பான் என்ற கரும்புப் பூச்சி போன்ற அருமையான கேள்விகள் உண்டு. ஆனால் ஒரு கரும்புப் பயிர் முதிர ஒரு வருடமாவது ஆகும், ஆனர்ஸ் வருடம் பத்து மாதம். வயல் சோதனை வேண்டாம். ஆய்வகத்துக்குள் முடிகிற வேலை என்றால் சரி.

மேற்பார்வையாளர் பக்கம்

ஆசிரியருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அது தெரிந்தால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது புரியும். பல்கலைக்கழகத்துக்கு அரசு தரும் மானியக் கணக்கில் அங்கீகரித்த இதழ் கட்டுரை ஒன்று ஒரு அலகு, ஆய்வு முதுகலைப் பட்டம் ஒன்று, முனைவர் பட்டம் மூன்று. கட்டுரையின் ஒரு அலகை அதை எழுதியவர்களின் பல்கலைக்கழகங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. வரலாறும் சுகாதாரமும் கலந்த தலைப்பு என்றால் இரண்டு கல்லூரிப் பிரிவுகளிலிருந்து இரண்டு மேற்பார்வையாளர் வருவார்கள். யார் முதன்மை, எந்தக் குழுவிடம் கிளியரன்ஸ், கட்டுரையில் மாணவர் பெயர் எத்தனையாவது என்ற மூன்றையும் முதல் சந்திப்பிலேயே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பேச்சோடு விட்டால் அக்டோபரில் அது சண்டையாகும்.

எங்கள் தேர்வு: ஆனர்ஸுக்கு ஒரே கப்பல். முழு ஆய்வேட்டு முதுகலைக்கு அதே கப்பலில் இருந்து ஒரு தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்டவர்களை எடுத்து, அந்தப் பகுதியில் ஆறு பேட்டி. கப்பல் வேலை மார்ச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டிக்கான விண்ணப்பமும் உள்ளே போயிருக்க வேண்டும். ஆவண வேலைக்கும் பெரும்பாலும் நெறிமுறைக் குழுவின் விலக்குக் கடிதமாவது வாங்கவேண்டியிருக்கும் என்பதால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டுவிடலாமா என்று குழுவின் அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.