பழைய போர்டைச் சீராக்குவதா, புதியதை மாட்டுவதா?

1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் சிகாகோவின் பாலி நிறுவனம் தயாரித்த மின்னணு பின்பால் இயந்திரம் (சரிவான பலகையில் உலோகக் குண்டை உருட்டி ஆடும் ஆட்டப்பெட்டி) ஒன்றை வீட்டில் வைத்திருப்பவர், என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். சுவிட்சைப் போட்டதும் பொது விளக்குகள் எரிகின்றன, ஆனால் ஆட்டம் தொடங்குவதில்லை. பின்பெட்டியைத் திறந்து, இயந்திரத்தின் மூளையாகிய எம்.பி.யு. என்னும் மின்சுற்று போர்டைப் பார்த்தால், அணைத்த பின்னும் நினைவகத்தைக் காக்க அதில் பற்றவைக்கப்பட்ட 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி வயதாகிக் கசிந்து, அருகிலுள்ள செப்புத் தடங்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. அந்த போர்டையே சீராக்கலாம். அல்லது இன்றைய உதிரிபாகங்களால் செய்து விற்கப்படும் மாற்று போர்டை வாங்கி மாட்டலாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன், போர்டிலுள்ள சிறிய எல்.இ.டி. விளக்கைக் கவனிப்பது கட்டாயம். மின்சாரம் வந்ததும் அது ஒரு கணம் மினுங்கி, பின் நிதானமாக ஏழு முறை விட்டுவிட்டு ஒளிர்ந்தால் போர்டு நலமாக இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு ஒளிர்வும் ஒரு சோதனை தேறியதன் அடையாளம். இரண்டோடு நின்றால் மூன்றாவது சோதனைக்குரிய 5101 நினைவகச் சிப்பையும், மூன்றோடு நின்றால் யு10 என்னும் இடத்திலுள்ள, இயந்திரத்தின் பிற பாகங்களோடு சைகைகளைப் பரிமாறும் பி.ஐ.ஏ. சிப்பையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆறோடு நின்றுவிட்டால், குண்டைத் தட்டும் பாகங்களை இயக்கும் மின்காந்தச் சுருள்களாகிய சாலினாய்டுகளுக்கான 43 வோல்ட் மின்சாரம் வருகிறதா என்று, மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையர் போர்டின் ஃபியூஸைப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஏழாவது ஒளிர்வு அந்த மின்சாரத்தை நம்பியே இருக்கிறது. அந்த நிலையில் புதிய எம்.பி.யு. போர்டை வாங்கி மாட்டினாலும் ஆட்டம் தொடங்காது. 5 வோல்ட் சரியாக வருகிறதா என்பதையும் மல்டிமீட்டரால் முன்னதாகவே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சீராக்கும் வழியில் செலவு குறைவு, உழைப்பு அதிகம். கசிந்தது காரம் என்பதால், பேட்டரியை வெட்டியெடுத்த பின் சம அளவு தண்ணீர் கலந்த வினிகரால் அந்த இடத்தைத் தேய்த்து, நீரால் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுவதும் உலரவிட வேண்டும். பிறகு செம்பு பளிச்சென்று தெரியும்வரை உரச வேண்டும். கருத்துப்போன செம்பில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. பேட்டரிக்கு அருகில் இருப்பது, மின்சாரம் வந்ததும் போர்டைச் சரியாகத் தொடங்கவைக்கும் ரீசெட் சுற்று. அதிலுள்ள டிரான்சிஸ்டர்களும் ஜீனர் டயோடும் சில்லறை விலைக்குக் கிடைப்பவை. சோதித்துக்கொண்டிருப்பதைவிட மொத்தமாக மாற்றிவிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் களிம்பு சிப் சாக்கெட்டுகளுக்குள்ளும் போர்டின் துளைகளுக்குள்ளும் இறங்கிவிட்டால் நிலைமை வேறு. அங்கே சூடு சற்றுக் கூடினாலும் தடம் உரிந்து வந்துவிடும். சால்டரிங் பழகாத கையால் அந்தப் பழுது இரட்டிப்பாகிவிடும்.

மாற்று போர்டு இந்தத் தொல்லைகளை எல்லாம் தாண்டிவிடுகிறது. ஒரே போர்டில் பல ஆட்டங்களின் நிரல்களைச் சேமித்து, எந்த ஆட்டம் என்பதைச் சிறு சுவிட்சுகளால் தேர்ந்தெடுக்கும்படியும், பேட்டரியே தேவைப்படாதபடியும் செய்கிறார்கள். அவசரமாக ஆட்டம் வேண்டும் என்பவருக்கு அதுவே ஏற்றது. எனக்கு அதில் உள்ள குறை, இயந்திரத்தின் அசல் உறுப்பு ஒன்று போய்விடுகிறது என்பதே. 1979-இல் வந்த இயந்திரத்தில் அதே ஆண்டின் மோட்டோரோலா 6800 செயலிச் சிப் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆகவே களிம்பு ரீசெட் பகுதியோடு நின்றிருந்தால் சீராக்குவேன். சாக்கெட்டுகள்வரை பரவியிருந்தால் தயங்காமல் புதியதை வாங்குவேன், பழையதைச் சுத்தம் செய்து பத்திரப்படுத்துவேன்.

சீராக்குபவர் பேட்டரிக்கு மாற்றையும் முடிவுசெய்ய வேண்டும். மூன்று ஏ.ஏ. பேட்டரிகளை ஒரு கூட்டில் வைத்து, போர்டைவிட்டுத் தள்ளிப் பொருத்தலாம். ஆனால் இந்த போர்டு நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் அமைப்புடையது என்பதால், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்று இடையே இல்லாவிட்டால் சாதாரண பேட்டரிக்கும் மின்னேற்றம் நடந்து அதுவும் கசியும். 5101-இன் இடத்தில் பேட்டரி தேவையில்லாத நினைவகத்தைப் பொருத்துவது இதைவிடச் சிறந்தது. இரண்டுமின்றியும் ஆட்டம் ஓடும், ஏனெனில் பெரும்பாலான அமைப்புகள் போர்டிலுள்ள 32 சிறு சுவிட்சுகளில் இருக்கின்றன; உச்ச மதிப்பெண், ஆட்டக் கணக்குகள் போன்றவை மட்டுமே நிலைக்காது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கேபிள் முனைக் கனெக்டர்களைத் தவிர்க்க முடியாது. காரம் கம்பி வழியே ஏறி, கனெக்டருக்குள் இருக்கும் உலோக நாக்குகளையும் அரித்திருக்கும். அவற்றைப் புதிதாக்காமல் மாட்டினால், புதிய போர்டின் பொன்னிறப் பின்களிலும் பழைய களிம்பு தொற்றிக்கொள்ளும். அந்த வேலையை இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே, டிஸ்பிளேக்கான சுமார் 190 வோல்ட் மின்சாரம், அணைத்த பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கப்பாசிட்டரில் வடிந்துவிட்டதை மீட்டரில் பார்த்த பின்னரே தொடங்க வேண்டும்.