சில்லு கழுவ அமிலமா, காரமா, ஊதா மருந்தா: மலைநாட்டு ஒட்டோ வொஷ்ஷுக்கு எது சரி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மலைநாட்டில் ஒட்டோ வொஷ் மெஷினுக்குள் ஓடவேண்டிய சில்லு மருந்து காரம்தான், அமிலம் இல்லை. ரிம்மில் அடித்ததும் ஊதா நிறமாக மாறுகிற அந்த விலைகூடிய இரும்பு நீக்கி நல்ல சாமான்தான், ஆனால் அதன் இடம் மெஷினுக்கு வெளியே.

இங்கே ரிம்மில் சேர்கிற அழுக்கு இரண்டு வகை. ஒன்று செம்மண்ணும் ரோட்டு எண்ணெய்ப் பிசுக்கும். மற்றது பிரேக் தூள். றம்பொடை இறக்கத்திலோ கினிகத்தேனைப் பக்கமோ ஆள் நிரம்பிய வேன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கும்போது, டிஸ்க்கிலிருந்தும் பேட்டிலிருந்தும் உதிர்கிற இரும்புத் துகள் சூட்டோடு பறந்து ரிம்மின் மேல்பூச்சில் பதிந்துகொள்கிறது, அப்புறம் மழையும் பனியும் சேர்ந்து அதைத் துருவாக்கிவிடுகின்றன. பிரியஸ், அக்வா மாதிரி ஹைபிரிட் கார்களில் மோட்டரே வேகத்தைக் குறைப்பதால் தூள் குறைவு. நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிறைந்துவிட்டால் அந்த உதவியும் குறையும்.

அமிலம் வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. துருவையும் பிரேக் தூளையும் சட்டென்று இளக்கும், சுண்ணாம்பு கூடிய கடினத் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன வெள்ளைப் படிவையும் எடுக்கும். யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் கழுவுகிறவருக்கு இந்த இரண்டாவது குணம் தேவைப்படலாம். நமக்கு எதற்கு? நம் ஓடைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், அதாவது சுண்ணாம்பு குறைந்தது, வெள்ளைப் படிவு பெரிய பிரச்சினையே இல்லை. பாஸ்போரிக் அமிலம் கலந்தது என்றால் ஓரளவு பரவாயில்லை, ஆனால் கடையில் 'சூப்பர் ஸ்ட்ரோங்' என்று வருகிற சில கேன்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும், அல்லது லேபலில் அமோனியம் பைபுளோரைட் என்று இருக்கும், அதுவும் கரைசலில் அதே அமிலத்தைத்தான் தரும். நீர்த்த நிலையில் அது கையில் பட்டால் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும், அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கெல்சியத்தைப் பிடித்திருக்கும். முதலுதவிக்குத் தண்ணீர் மட்டும் போதாது, கெல்சியம் குளுக்கோனேட் ஜெல் வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டும். குளிரில் விறைத்த கையோடு கேன் மாற்றுகிற தம்பிமாரிடம் இதைக் கொடுப்பது எந்த விலைக்கும் நியாயம் இல்லை. அது கண்ணாடியையும் அரிக்கும்.

காரத்துக்கு வருவோம். பி.எச். (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 12, 13 அளவில் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கை உடைக்கும், மண்ணை இளக்கும், டயர் ஓரத்துப் பழுப்பையும் எடுக்கும், விலையும் கட்டுப்படியாகும். மென்னீரில் அது இன்னும் நன்றாக வேலை செய்கிறது, குறைந்த மருந்தே போதும். இதன் குறை அலுமினியம். மேல்பூச்சு இல்லாத, பொலிஷ் செய்த அலோய் ரிம்மில் பட்டால் சாம்பல் பூத்த மாதிரி மங்கிவிடும். அதனால் வெறும் காஸ்டிக் சோடாவை வாங்கிக் கரைத்து மெஷினில் ஊற்றாதீர்கள், சிலிக்கேட் கலந்த தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள், சிலிக்கேட் அலுமினியத்துக்கு ஓரளவு காவல். காரமும் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

ஊதா மருந்தில் இருப்பது தயோகிளைக்கோலேட், சலூனில் முடி சுருட்டப் பாவிக்கிற அதே குடும்பம், நாற்றத்திலேயே தெரியும். கிட்டத்தட்ட நடுநிலை பி.எச்., அலோய்க்கு ஆபத்து குறைவு, பதிந்த இரும்பை இதுபோல எடுப்பது வேறில்லை. ஆனால் அதற்குச் சில நிமிடம் ஊறவேண்டும். மெஷினுக்குள் மருந்து தெளித்து பிரஷ் வந்து சேர்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, காசு தண்ணீரோடு போய்விடும். எண்ணெய்ப் பிசுக்குக்கும் அது பெரிதாக உதவாது. ஆகவே இறக்கம் இறங்கி வந்த கறுத்த ரிம்களுக்கு மட்டும், மெஷினுக்குள் ஏற்றுமுன் கைப் போத்தலால் அடித்து, கழுவிவிட்டு அனுப்புங்கள், அதற்குத் தனிக் கட்டணமும் கேட்கலாம். ஒன்று முக்கியம்: இதுவும் அமிலமும் ஒரே வடிகானில் கலக்கக்கூடாது, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைட் வரும், அது நச்சுவாயு.

குளிரையும் கணக்கில் எடுங்கள். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காலை ஆறு மணித் தண்ணீரில் எந்த மருந்தும் மந்தமாகத்தான் இருக்கும். அதற்காக மருந்தின் அளவைக் கூட்டுவதைவிட தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்குவதும் மெஷினின் வேகத்தைக் குறைப்பதும் நல்லது. மாறாக, இறங்கி வந்த உடனே ரிம் கொதிக்கும், அதில் தெளித்தால் மருந்து காய்ந்து கறை விழும், ஆறவிடுங்கள்.

கழிவுநீர் விஷயத்தில் சமாதானம் செய்துகொள்ள முடியாது. சேர்விஸ் ஸ்டேஷனுக்கு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும், ஓடைக்கு விடுகிற நீரின் பி.எச். 6க்கும் 8.5க்கும் இடையில் இருக்கவேண்டும். நானுஓயா நீர் கொத்மலைக்கும் மகாவலிக்கும் போகிறது, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து ஓடைகள் களனியில் சேர்கின்றன, அதைத்தான் கொழும்பு குடிக்கிறது. காரத்தைத் தொட்டியில் பிடித்து நடுநிலையாக்கலாம். ஹைட்ரோபுளோரிக் அமிலம் விட்டுப்போகிற புளோரைட்டை அவ்வளவு சுலபமாகத் தீர்க்க முடியாது.

புதுக் கேன் வாங்கினால் பழைய அலோய் ரிம் ஒன்றின் உட்பக்கத்தில் முதலில் அடித்துப் பாருங்கள், லேபலில் சொன்ன ஆகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். பொலிஷ் ரிம்மோடு ஒரு வண்டி வந்தால் சில்லு மருந்தை நிறுத்திவிட்டு ஷாம்பூவால் மட்டும் கழுவுங்கள், சொந்தக்காரரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.