மான் படத்துக்கு 500 எம்எம் வேண்டுமா? டி500 கேமராவும் 200-500 லென்ஸும், நீண்ட நாள் அனுபவம்

நிக்கான் டி500 கேமராவும் 200-500 எம்எம் எஃப்/5.6 லென்ஸும் என் கைக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டும் பெரும்பாலும் போய்வந்தது முதுமலை, மசினகுடி பக்கம்தான். அங்கே எடுத்ததும் பெரும்பாலும் மான்கள். இவ்வளவு நீளமான லென்ஸைப் புலிக்காகத்தான் வாங்குவார்கள். சஃபாரி வண்டியில் புள்ளிமான் கூட்டம் எதிரே வந்தால், "மான்தானே, போகலாம்" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். எனக்கு அந்தக் கூட்டத்தின் முன்னால்தான் வண்டி நிற்க வேண்டும். புலி எப்போதாவது தரிசனம் தரும். மான் ஒவ்வொரு காலையிலும் தன் முழு வாழ்க்கையையும் நம் கண் முன்னால் நடத்திக் காட்டுகிறது.

இத்தனை நாள் பயன்படுத்தியதில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: மான் படத்துக்கு ஜூம் லென்ஸ் வாங்குகிறவர் அது எவ்வளவு தூரம் இழுக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு அகலத்தில் தொடங்குகிறது (எம்எம் எண் சிறிதாக இருந்தால் காட்சி அகலம்) என்று கேட்க வேண்டும்.

முதலில் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம். டி500 வந்தது 2016-இல். 20.9 மெகாபிக்சல், விநாடிக்கு 10 படம். சென்சார் ஏபிஎஸ்-சி அளவு, அதாவது முழு ஃப்ரேம் சென்சாரைவிடச் சிறியது என்பதால் 200-500 லென்ஸை மாட்டினால் முழு ஃப்ரேம் கேமராவில் 300-750 போட்டால் வரும் காட்சிதான் கிடைக்கும். 2022-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், அதனால் இனி செகண்ட் ஹேண்டில்தான். லென்ஸ் 2015-இல் வந்தது. ட்ரைபாட் காலரோடு சேர்த்து 2.3 கிலோ. கேமராவையும் சேர்த்தால் மூன்று கிலோவைத் தாண்டும்.

இப்போது தூரக் கணக்கு. இந்த கேமராவில் 500 எம்எம் வைத்து 40 மீட்டர் தள்ளி நிற்கும் மானைப் பார்த்தால், ஃப்ரேமுக்குள் அடங்கும் உயரம் சுமார் 1.25 மீட்டர், அகலம் 1.9 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நன்றாக வளர்ந்த ஆண் புள்ளிமானுக்குத் தோள் உயரமே கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர். அதற்கு மேல் கழுத்து, தலை, கிளைவிட்ட கொம்பு. 40 மீட்டரிலேயே கொம்பு வெட்டுப்பட்டுவிடும். முதுமலையில் சாலையோரமாகப் புதரை வெட்டிச் சீர்செய்த பட்டைகள் உண்டு. அங்கே குட்டையாகப் புல் முளைக்கும், மான்கள் மேய வரும். வண்டிகளுக்கு அவை பழகிவிட்டதால் சஃபாரி வண்டிக்கும் மானுக்கும் நடுவில் பெரும்பாலும் 15, 20 மீட்டர்தான். 20 மீட்டரில் 200 எம்எம் வைத்தாலே உயரம் ஒன்றரை மீட்டர் சொச்சம்தான் கிடைக்கும். அதாவது லென்ஸின் குட்டையான முனையிலேயே ஒற்றை மான் ஃப்ரேமை நிரப்பிவிடுகிறது. கூட்டத்தை எடுக்கவே முடியாது.

என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. பிடித்தவை என்று நான் தனியாக வைத்திருக்கும் மான் படங்களில் பாதிக்கு மேல் 200-க்கும் 350-க்கும் நடுவில் எடுத்தவை. 500-இல் எடுத்தவை பெரும்பாலும் முகம் மட்டும். முகம் அழகுதான். ஆனால் நாலைந்து முகம் எடுத்த பிறகு ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே மாதிரி இருக்கும். மரத்தின் மேல் மந்திகள் உட்கார்ந்து இலையும் பழமும் பறித்துக் கீழே போடும், அதைத் தின்ன புள்ளிமான்கள் அடியில் கூடும் என்பது முதுமலைக்குப் போகிற எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி. அதை எடுக்க மரமும் வேண்டும், மந்தியும் வேண்டும், மானும் வேண்டும். சில சமயம் ஆண் மான் பின்னங்காலில் எழுந்து நின்று கிளையை எட்டும். தலை திடீரென்று ஒரு மீட்டர் மேலே போய்விடும். அந்த நேரம் 500-இல் இருந்தால் கிடைப்பது வயிறுதான். அதனால் லென்ஸை எப்போதும் 200-இல் வைத்துக்கொண்டே காத்திருப்பது என் வழக்கம். தேவைப்பட்டால் உள்ளே போகலாம், வெளியே வரத்தான் நேரம் இருக்காது. இந்த லென்ஸின் ஜூம் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோக நிறையச் சுற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் வெளிச்சம். மான் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்த முதல் ஒரு மணி நேரமும் சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரமும். கடமானோ இன்னும் தாமதம், இருட்டத் தொடங்கும்போதுதான் சேற்றுக் குழியிலிருந்து எழுந்து வரும். ஆகவே எஃப்/5.6 என்ற அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளையின் அளவு, இந்த லென்ஸில் 200-இலிருந்து 500 வரை மாறாமல் இருப்பது பெரிய வசதி. எஃப்/6.3-க்கும் இதற்கும் மூன்றில் ஒரு ஸ்டாப்தான் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). ஆனாலும் வெயில் இறங்கிய பிறகு அந்தக் கொஞ்சமும் எண்ணிக்கையில் சேரும். புள்ளிமானுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600, 3200 சாதாரணம். கடமானுக்கு 6400 போவேன். ஏபிஎஸ்-சி சென்சாரில் 6400 என்றால் படத்தில் புள்ளி புள்ளியாக 'நாய்ஸ்' என்கிற இரைச்சல் தெரியும். முன்பு அதற்குப் பயந்து படங்களை ஒதுக்கிவைத்திருந்தேன். இப்போதுள்ள இரைச்சல் நீக்கும் மென்பொருளில் அதே ரா கோப்புகளை (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலப் பதிவு) மறுபடி போட்டால் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிகிற படமாக வருகிறது. யாராக இருந்தாலும் ராவில் எடுங்கள், பழைய கோப்பை அழிக்காதீர்கள்.

ஷட்டர் வேகத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு நம் கை ஆட்டத்தைத்தான் சரிசெய்யும், மானின் காதை அது நிறுத்தாது. மேய்கிற மான் அசையாமல் நிற்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஈயை விரட்டக் காதும் வாலும் அடித்துக்கொண்டே இருக்கும், வாய் அசைபோடும். ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் கீழே போனால் இவையெல்லாம் கலங்கும். இரண்டு ஆண்கள் கொம்பு கோத்துச் சண்டை போடும்போது 1/1600 வேண்டும். வெளிச்சமே இல்லை, கடமான் சிலை மாதிரி நிற்கிறது என்றால் 1/60-இலும் எடுத்திருக்கிறேன். அதற்கு வண்டி இன்ஜினை அணைக்க வேண்டும். ஓட்டுநரிடம் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவைத்தால் அணைத்துவிடுவார்கள். அவ்வளவு மெதுவான ஷட்டரில் இன்ஜின் அதிர்வை லென்ஸின் தடுப்பை மட்டும் நம்பிச் சமாளிக்க முடியாது.

ட்ரைபாட் சஃபாரி வண்டிக்குள் உதவாது. பீன் பேக் போதும். காலிப் பையைக் கொண்டுபோய்க் கூடலூரில் கொள்ளு வாங்கி நிரப்பிக்கொள்வேன். திரும்பும்போது தங்குமிடத்தில் மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவேன். ஜன்னல் விளிம்பில் அந்தப் பையைப் போட்டு லென்ஸை அதன் மேல் சாய்த்தால் மூன்று கிலோ எடை நமக்குச் சாதகமாகிவிடுகிறது, எளிதில் ஆடாது.

ஃபோகஸில் மானுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, நீளமான மூக்கு. 10 மீட்டரில் 500 எம்எம், எஃப்/5.6 என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 9 சென்டிமீட்டர். மான் நேராக நம்மைப் பார்த்தால் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே அதைவிட அதிக தூரம். கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் அருகில் இருக்கும் மூக்கைத்தான் பிடிக்கும். இன்னொன்று உண்ணிச்செடி. முதுமலைக் காட்டின் அடிப்பகுதியை அது மூடிக்கொண்டிருக்கிறது. மானுக்கும் நமக்கும் நடுவில் ஒரு குச்சியாவது நீட்டிக்கொண்டிருக்கும். டி500-இல் 153 ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் நான் ஒற்றைப் புள்ளியை மட்டும் வைத்துக் கண்ணின் மேல் நிறுத்துகிறேன். லென்ஸில் 6 மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடு என்று வைக்கும் சுவிட்ச் இருக்கிறது. வண்டியிலிருந்து எடுக்கும்போது அது எப்போதும் அந்தப் பக்கமே இருக்கட்டும்.

இந்த இடத்தில்தான் உள்ளே கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமரா வெகுதூரம் முன்னால் போய்விட்டது. நண்பரின் நிக்கான் இசட்8 கேமராவையும் 180-600 லென்ஸையும் சில காலைகள் வாங்கிப் பயன்படுத்தினேன். மானின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிறது. தலை குனிந்து நிமிர்ந்தாலும் விடுவதில்லை. அதைவிட என்னைக் கவர்ந்தது சத்தம் இல்லாதது. டி500 போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராவில் கண்ணாடி அடிக்கிற சத்தத்துக்கு மான் உடனே காதை முன்னால் விறைத்து நம்மைப் பார்க்கும். காது விறைத்து, கண் அகன்று, கழுத்து நீண்ட அந்த நிலையில்தான் நம்மில் பலருடைய மான் படங்கள் இருக்கின்றன. அது பயந்த மான். சத்தமில்லாமல் எடுக்கும்போது மான் தன் வேலையைப் பார்க்கிறது: குட்டியை நக்குகிறது, கொம்பால் மண்ணைக் கிளறுகிறது, கண்ணோரச் சுரப்பியைக் கிளையில் தேய்க்கிறது. இப்போது புதிதாக வாங்குகிறவருக்கு நான் மிர்ரர்லெஸ்தான் சொல்வேன், இந்த ஒரு காரணத்துக்காகவே.

கோடியக்கரை முழுக்க வேறு உலகம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, 1967-இலிருந்து சரணாலயம். அங்கே பார்க்க வேண்டியது வெளிமான். உயிரியல்படி அது மான் குடும்பம் இல்லை, இரலை வகை, கொம்பு உதிர்வதில்லை. ஆனால் தமிழில் நமக்கு அதுவும் மான்தான். திறந்த புல்வெளி, எட்டத்திலேயே நம்மைப் பார்த்துவிடும், 100 மீட்டருக்கு உள்ளே வருவது அபூர்வம். "இங்கேயாவது 500-க்கு மேல் வேண்டுமே" என்று தோன்றும். காலை ஒன்பது மணிக்கு மேல் எவ்வளவு நீளமான லென்ஸ் கொண்டுபோனாலும் பயனில்லை. தரை சூடேறிக் கானல் எழும்பிவிடும். 200 மீட்டர் தள்ளி நிற்கும் வெளிமானின் கால்கள் நெளிந்து தெரியும். லென்ஸை மாற்றினாலும் கேமராவை மாற்றினாலும் நெளிவு நெளிவுதான், காற்று அல்லவா அசைகிறது. விடியற்காலையில் போய், ஓரிடத்தில் உட்கார்ந்து, கூட்டம் மேய்ந்துகொண்டே அருகில் வரும்வரை பொறுத்திருப்பது மட்டும்தான் வழி.

ஆண் வெளிமானின் கறுப்பும் வெள்ளையும் எக்ஸ்போஷருக்கு (படத்தில் பதியும் வெளிச்ச அளவுக்கு) நான் பார்த்ததிலேயே கடினமான சோதனை. வயிற்று வெள்ளையும் கண்ணைச் சுற்றிய வெள்ளையும் எரிந்துபோகாமல் காப்பாற்றுங்கள். முதுகின் கறுப்பை ரா கோப்பிலிருந்து பிறகு மேலே தூக்கிக்கொள்ளலாம். புள்ளிமானிலும் தொண்டைக்குக் கீழே உள்ள வெள்ளைத் திட்டு இதே தொல்லையைத் தரும், குறிப்பாகப் பின்னணி இருட்டாக இருக்கும்போது.

டி500-க்கு முன்னால் என்னிடம் இருந்தது நிக்கான் பி900, லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா. முழு ஃப்ரேம் கணக்கில் 2000 எம்எம் அளவுக்கு இழுக்கும், எடை 900 கிராம்தான். நல்ல வெயிலில் தொலைவில் நிற்கிற வெளிமானை அடையாளம் காண அருமையானது. சென்சார் மிகச் சிறியது, ராவும் கிடையாது என்பதால் காட்டு நிழலில் அதன் எல்லை சீக்கிரம் தெரிந்துவிடும். ஆனாலும் குறைந்த செலவில் மானைப் பார்க்கப் பழக விரும்புகிறவரிடம் அந்த வகைக் கேமராவை நான் தயங்காமல் சொல்வேன். மானின் பழக்கத்தைக் கற்றுக்கொள்வதற்கு விலையுயர்ந்த லென்ஸ் தேவையில்லை.

பராமரிப்புக்கு வருகிறேன். 200-500 ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளும் வகை. கோடையில் முதுமலை மண் சாலையின் தூசி அந்தக் குழலில் படியும். உள்ளே இழுப்பதற்கு முன்னால் ஒரு மென்மையான தூரிகையால் தட்டிவிடுவது நல்லது. 180-600 போல உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸில் இந்தக் கவலை குறைவு. தூசியைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. தென்மேற்குப் பருவமழையில் நீலகிரிக்குப் போய்விட்டு, ஈரமான பையை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டால் லென்ஸுக்குள் நூல் நூலாகப் படரும். எனக்குத் தெரிந்த ஒருவரின் லென்ஸ் இப்படிப் போனது. சரிசெய்யக் கொடுத்த கடையில் மாதக்கணக்கில் கிடந்து, உள் கண்ணாடியின் பூச்சு அரிக்கப்பட்ட நிலையில் திரும்பி வந்தது. ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வைத்திருக்கும் டிரை கேபினட் வாங்குங்கள். வசதி இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும், அதில் மட்டும் மிச்சம் பார்க்காதீர்கள். தோல் உறைக்குள் நீண்ட நாள் வைக்கவே வேண்டாம். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது லென்ஸ் வேர்க்கும். பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்த பிறகு எடுங்கள்.

முதுமலை வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, மானுக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது. நான் எடுப்பதெல்லாம் வனத்துறை சஃபாரி வண்டியிலிருந்தும், மசினகுடியில் தங்குமிடத்து வேலிக்கு இந்தப் பக்கமிருந்தும்தான். பிஸ்கட் போட்டு மானைச் சாலைக்கு வரவழைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அந்த மான் அடுத்த வண்டிக்கும் அப்படியே வந்து நிற்கும், அந்த வண்டி நிற்காமல் போகலாம்.

புதர் மறைவில் தனியாகப் படுத்திருக்கும் குட்டியைப் பார்த்தால் லென்ஸை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும், நாம் விலகினால்தான் வரும்.

சரி, என்ன வாங்கலாம்? மானும் பறவையும் இரண்டும் வேண்டும் என்றால் 200-500 இன்னும் நல்ல லென்ஸ்தான். பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு நிக்கானின் இசட் வரிசை மிர்ரர்லெஸ் கேமராவிலும் ஃபோகஸ் வேலை செய்கிறது. மான் மட்டும் போதும் என்றால் ஏபிஎஸ்-சி கேமராவில் 100-400 வகை லென்ஸைப் பாருங்கள். எடையும் குறையும், கூட்டமும் உள்ளே வரும். செகண்ட் ஹேண்டில் எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு பக்க மூடியையும் கழற்றிவிட்டு, அப்பர்ச்சர் முழுதாகத் திறந்த நிலையில் பின்புறத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து, சாய்வாக உள்ளே பாருங்கள். நாலைந்து தூசித் துகள் இருந்தால் பரவாயில்லை. ஓரத்தில் வலை மாதிரி ஏதாவது தெரிந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.