காயில் சுத்தும் மெசினுக்கு எந்த டிரைவர்?

சுன்னாகத்தில் சித்தப்பாவுக்குக் கிணற்று மோட்டர் காயில் கட்டுகிற கடை. கம்பியைச் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றாக நகர்த்திக் கொடுக்க ஒரு ஸ்டெப்பர் மோட்டர் (ஸ்டெப் ஸ்டெப்பாகத் திரும்புகிற மோட்டர்) பூட்டுவோம் என்று இறங்கினோம். அதன் காயில்களுக்குக் கரண்ட் கொடுத்துத் திருப்புகிற போர்டுதான் டிரைவர். எந்த டிரைவர் போடுவது என்பதில்தான் நாள் போனது.

கையில் இருந்தது நெமா 17 அளவு ஸ்டெப்பர். அதன் ஒரு காயிலுக்கு 1.7 ஆம்பியர், தடை ஒன்றரை ஓம். சிவப்பு எல்298என் டிரைவர் போர்டு சும்மா கிடந்தது. ஆனால் அது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாது. 12 வோல்ட்டை ஒன்றரை ஓமில் போட்டால் 8 ஆம்பியர் பாயப் பார்க்கும். அந்தச் சிப் ஒரு காயிலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். சரி, வோல்ட்டைக் குறைப்போம் என்றால், 1 ஆம்பியரிலேயே ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே தின்று சூடாகிறது. வேகம் கூட்டினால் மோட்டர் ஸ்டெப்பைத் தவறவிடும்.

ஏ4988 என்ற டிரைவர் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. முழு 12 வோல்ட்டையும் கொடுத்து, நாம் வைத்த அளவை மின்னோட்டம் தொட்டதும் வெட்டும், பிறகு மறுபடி திறக்கும். காயில் சட்டென்று நிரம்பும், ஆனால் எல்லை மீறாது. அந்த அளவை வைப்பதுதான் முக்கிய வேலை. போர்டில் இருக்கும் குட்டி ரெசிஸ்டரை டோர்ச் பிடித்துப் பாருங்கள். ஆர்100 என்றிருந்தால், 1 ஆம்பியருக்கு வி-ரெஃப் (அந்த அளவைக் குறிக்கும் வோல்ட்) 0.8 வோல்ட், ஆர்050 என்றால் 0.4. போர்டில் உள்ள திருகை மயிரிழை திருப்பி, மீட்டரில் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். சப்ளைக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் கட்டாயம். கரண்ட் இருக்கும்போது மோட்டர் வயரைக் கழற்றி நான் ஒரு சிப்பைப் பறிகொடுத்தேன்.

24 வோல்ட், அதற்கு மேல் என்றால் டிஆர்வி8825. 45 வரை தாங்கும். ஆனால் திருகு போர்டின் மறுமுனையில் இருக்கும். ஏ4988 பழக்கத்தில் திருகைப் பார்த்துச் செருகினால் தலைகீழாகிவிடும். டிஎம்சி2209 சத்தமே போடாது. படுக்கை அறையில் ஓடும் 3டி பிரின்டருக்கு அதைத்தான் வாங்குவேன். கடைச் சத்தத்தில் அதற்குக் காசு கொடுப்பது வீண்.

சொந்தமாகக் கட்ட ஆசையென்றால் எல்298 சிப்போடு எல்297 என்ற கட்டுப்பாட்டுச் சிப்பைச் சேர்த்து, மின்னோட்டத்தை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டரும் எட்டு வேக டயோடும் போடுங்கள். அப்போது அதுவும் மின்னோட்டத்தை வெட்டும். யூஎல்என்2003 என்ற டிரைவர் சின்ன ஐந்து வயர் மோட்டருக்கு மட்டும்.

நாங்கள் ஏ4988 ஐ 1 ஆம்பியரில் வைத்தோம். மத்தியான வெயிலிலும் மோட்டரில் கை வைத்திருக்க முடிகிறது.