முடி கொட்டும் பயத்தில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஏமாந்தேன்: பெண்களே, கவனம்

கட்டிய பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று இன்று காலை நான் போன முடி சிகிச்சை நிலையத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். அடங்கிவிட்டால், போனது போகட்டும் என்று நானே விட்டுவிடுவேன். போனது என் இரண்டு மாதச் சம்பளம். பெயரைப் போட்டால் அடுத்த செய்தி வக்கீலிடமிருந்து வரும் என்பதால், பல கிளைகள் வைத்து, பளபளப்பான விளம்பரம் செய்யும் தனியார் முடி சிகிச்சை நிலையம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடுமையான காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தேன். மூன்று மாதம் கழித்து முடி கொட்டத் தொடங்கியது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் தலை வாரியதிலும் குளித்ததிலும் விழுந்தவற்றைத் தாளில் பரப்பி எண்ணினேன். 200ஐத் தாண்டியதும் எண்ண மனமில்லாமல் தாளை மடித்து வைத்துவிட்டேன். அந்த மனநிலையில்தான் அங்கே போனேன்.

வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பேன் பார்க்கும் அம்மாவைப்போல விரல்களால் வகிட்டை மெல்லப் பிரித்துப் பார்த்தார். எனக்கும் பிரசவத்துக்குப் பிறகு இப்படித்தான் இருந்தது, பயப்படாதீர்கள் என்றார். நான் நம்பியது அந்த நொடியில்தான். பிறகு உதிர்ந்த முடி ஒன்றைக் கருவியின் அடியில் வைத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். நுனியில் வெள்ளையாகச் சிறு குமிழ் ஒன்று தெரிந்தது. "பாருங்கள் மேடம், வேரோடு வருகிறது. இந்த இடத்தில் இனிமேல் முளைக்காது. இப்படியே விட்டால் ஆறு மாதத்தில் வழுக்கை விழுந்துவிடும்" என்றார். எட்டு சிட்டிங் கொண்ட பேக்கேஜ், இன்றே கட்டினால்தான் சலுகை என்றதும், வீட்டில்கூடக் கேட்காமல் அட்டையைத் தேய்த்துவிட்டு வந்தேன். அவர் மருத்துவரே அல்ல, ஆலோசகர் மட்டுமே என்பது ரசீதைப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

அந்த வெள்ளைக் குமிழைப் பற்றி விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் பணம் முழுவதும் அதைக் காட்டித்தான் பறிக்கப்பட்டது. அது வேரே அல்ல. தலைமுடி 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, பிறகு ஏறக்குறைய 3 மாதம் ஓய்வில் இருந்துவிட்டு உதிர்கிறது. அப்படி ஓய்வு முடிந்து விழும் முடி ஒவ்வொன்றின் அடியிலும் அந்தக் குமிழ் இருக்கும். மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அதிலிருந்து அடுத்த முடி வரும். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து வேகமாக எடை குறைப்பது போன்றவை ஏராளமான முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுவதால், 2, 3 மாதம் கழித்து அவை மொத்தமாகக் கொட்டுகின்றன. இதற்கு டெலோஜன் எஃப்லூவியம் என்று பெயர். காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்த தோல் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சமீபத்தில் காய்ச்சல் ஏதாவது வந்ததா?" என்பதுதான். இரண்டு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்ட இடத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை.

அங்கே நடந்தவற்றைக் கேளுங்கள். மூன்று சிட்டிங்கில் என் ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை உச்சந்தலையில் ஊசியால் ஏற்றினார்கள். பிஆர்பி எனப்படும் இந்தச் சிகிச்சை சிலருக்குப் பயன்படலாம். தானாக நிற்கப்போகும் உதிர்வுக்கு அது தேவையே இல்லை என்றார் மருத்துவர். தினமும் இரவில் தேய்க்க லேபிள் இல்லாத புட்டி ஒன்றும் கொடுத்தார்கள். அதைத் தேய்த்த மூன்றாம் வாரம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டியது. கேட்டதற்கு, கழிவுகள் வெளியேறுகின்றன என்றார்கள். அதில் மினாக்ஸிடில் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்படுகிறார். அது நல்ல மருந்துதான். பெண்களுக்கு வகிடு மெல்ல அகலமாகிக்கொண்டே போகும் பரம்பரைச் சொட்டைக்குப் பயன்படுத்துவது. முதல் சில வாரங்கள் உதிர்வு கூடும், பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும், கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது. இவற்றில் ஒன்றைக்கூட எனக்குச் சொல்லவில்லை. நான் கர்ப்பமா என்றும் கேட்கவில்லை.

அவர்கள் கொடுத்த பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை செய்த வேலை இன்னொரு கூத்து. என் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோல முடிவு வந்தது. மாத்திரைப் பட்டியலைப் பார்த்த மருத்துவர், அதிக அளவு பயோட்டின் இந்தப் பரிசோதனையைக் குழப்பும் என்று சொல்லி, நிறுத்திவிட்டு மீண்டும் எடுக்கச் சொன்னார். இரண்டாம் முறை தைராய்டு சரியாகவே இருந்தது. உண்மையில் குறைந்திருந்தது, இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிடின்.

பிறகுதான் பணத்தைக் கேட்டேன். வரவேற்பில் இருந்தவர் மேலாளரைக் கேட்கச் சொன்னார். மேலாளர் எப்போதும் மீட்டிங்கில் இருந்தார். தலைமை அலுவலக எண்ணோ, இசையைக் கேட்கவைத்துவிட்டுத் தானாகத் துண்டித்துக்கொண்டது. நேரில் போய் நின்றபோது முன், பின் என்று இரண்டு படங்களை நீட்டினார்கள். முந்தைய படத்தில் தலை ஈரமாக, மேலிருந்து விளக்கு. பிந்தையதில் உலர்ந்து விரிந்த முடி, முன்னாலிருந்து விளக்கு. நல்ல முன்னேற்றம் மேடம் என்றார்கள். பாக்கி ஐந்து சிட்டிங்கை முகப்பொலிவுச் சிகிச்சையாக மாற்றித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். முடிக்காகக் கொடுத்த இரண்டு மாதச் சம்பளத்துக்கு முகத்தைத் தேய்த்துவிடுவார்களாம்!

என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுத நினைத்திருந்தேன், இப்போது பொறுமை இல்லை. முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மாதவிடாய் தவறி, முகத்திலும் முடி வளர்ந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வட்டமாக முடி போனாலும், தலைத்தோல் எரிந்தாலும் சிவந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். சில வகைகளில் மயிர்க்கால் வடுவாகிவிட்டால் முடி திரும்பாது. முன்பணமாக மொத்தத் தொகையையும் கட்டாதீர்கள். லேபிள் இல்லாத எதையும் தலையில் தேய்க்காதீர்கள். என் புட்டியில் இன்னும் பாதி மீதமிருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று எழுதித் தரக் கேட்டு இன்றோடு நான்கு நாள் ஆகிறது.