முயல் காப்புறுதி எடுக்கப் போகிறீர்களா? 1,264 பவுண்ஸ் எப்படிப் போனது என்று படித்துவிட்டு எடுங்கள்

இங்கிலாந்தில் முயல் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எங்கள் முயலின் வைத்தியச் செலவு 1,264 பவுண்ஸ். மாதம் தவறாமல் காப்புறுதிப் பணம் கட்டி வந்தோம். இந்தச் செலவில் ஒரு பென்னிகூடத் தர முடியாது என்று நேற்று மாலை கடிதம் வந்திருக்கிறது. ஆத்திரம் ஆறிய பிறகு எழுதலாமே என்று கணவர் சொன்னார். ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. முறைப்பாடு இனிமேல்தான் நடக்க வேண்டும். விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையத்தளம் ஒன்றில் தேடி, செல்லப்பிராணிக் காப்புறுதி மட்டுமே விற்கும் ஓரிடத்தில் எடுத்தோம் என்பது போதும். எடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பஞ்சு, மிளகு என்று இரண்டு முயல்கள். முயல் தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், சோடியாகத்தான் வளர்க்க வேண்டும் என்று இங்குள்ள விலங்கு நலச் சங்கங்கள் சொல்கின்றன. அதனால் எல்லாச் செலவும் இரட்டிப்பு. “முயலுக்கும் காப்புறுதியா பிள்ளை?” என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில் கேட்டார். மனிதருக்கு என்.எச்.எஸ். என்ற அரசாங்க வைத்திய சேவை இருக்கிறது, பிராணிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை, இரவில் ஒருமுறை மிருக வைத்தியசாலைக்கு ஓடினாலே பல நூறு பவுண்ஸ் போய்விடும் என்று அவருக்கு விளக்கினேன்.

நாய்க்கும் பூனைக்கும் காப்புறுதி தருபவர்கள் ஏராளம். முயல் என்று தெரிவு செய்தவுடன் பட்டியல் சுருங்கிவிடுகிறது. இருப்பதிலும் நான்கு வகை. விபத்துக்கு மட்டும் தருவது மலிவு. ஆனால் முயலுக்கு அது அநேகமாகப் பயனற்றது. வயிறும் பல்லும்தான் முயலை வைத்தியசாலைக்கு இழுக்கின்றன. ஒரு நோய்க்குப் பன்னிரண்டு மாதம் மட்டும் தருவது இன்னொரு வகை. நோய் ஒன்றுக்கு இவ்வளவு என்று வைத்து, அந்தத் தொகை முடிந்ததும் கைவிரிப்பது மூன்றாவது. ஆண்டுதோறும் தொகை புதுப்பிக்கப்பட்டு, முயல் உள்ளவரை தொடர்வது நான்காவது. நாங்கள் எடுத்தது அந்த நான்காவது வகை. விலை அதிகம், அரசாங்கத்தின் 12 சதவீத வரியும் அதற்குள் இருக்கிறது. பிறகு அல்லாடக் கூடாது என்பதற்காகவே அந்த விலையைக் கொடுத்தோம்.

பணம் கட்டும் முன் அவர்கள் அனுப்பிய இரண்டு பக்கச் சுருக்கத் தாளைப் படித்தேன். ‘அடங்காதவை’ என்ற பகுதியில் ‘சில பல் சிகிச்சைகள்’ என்று ஒரு வரி இருந்தது. முயல் வளர்ப்பவர் எவருக்கும் அந்த வரி உறுத்தும். முயலின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர்கூட வளரும். உலர்புல்லை மென்று மென்று அவை தேய வேண்டும். சரியாகத் தேயாவிட்டால் கடைவாய்ப் பற்களில் கூரிய முனைகள் எழும்பி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வலியில் முயல் சாப்பிடாது. சாப்பிடாத முயலுக்குக் குடல் அசைவு நின்றுவிடும். குடல் நின்றால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து.

இதெல்லாம் தெரிந்ததால்தான் அவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த பெண் அவ்வளவு கனிவாகக் கதைத்தார். தன் வீட்டிலும் முயல் இருந்தது என்றார். எங்கள் முயல்களின் பெயர்களைக் கேட்டு, திருப்பிச் சொல்லிப் பார்த்து, சரியாகச் சொல்கிறேனா என்று கேட்டார். நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன்: “பல் நோயால் முயல் சாப்பிடாமல் போய், மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்க்க வேண்டி வந்தால் பணம் தருவீர்களா?”

“தருவோம். அந்த வரி, நோய் எதுவும் இல்லாமல் வழமையாகப் பல்லைச் சீர்செய்பவர்களுக்கானது. நோய் என்றால் அது நோய்தானே? நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம்.”

இதுதான் அவர் சொன்னது. அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று தொடக்கத்திலேயே இயந்திரக் குரல் அறிவித்திருந்தது. பதிவாகும் அழைப்பில் ஒருவர் இப்படி அழுத்தம் திருத்தமாகச் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அதே அழைப்பில் வங்கி அட்டை இலக்கத்தைச் சொன்னேன். “பஞ்சுவுக்கும் மிளகுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்” என்று அவர் விடைபெற்றார்.

அடுத்து வந்த மின்னஞ்சலில் ஒரு நிபந்தனை: தடுப்பூசி நடைமுறையில் இருக்க வேண்டும். மிக்சோமட்டோசிஸ் என்னும் வைரஸ் நோய், ஆர்.எச்.டி. என்னும் குருதிப்பெருக்கு நோயின் இரண்டு வகைகள், ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி. அவர்கள் கேட்டதற்காகவே அந்த வாரமே இரண்டையும் கொண்டுபோனேன். ஊசி போடும் முன் வைத்தியர் வழக்கம்போல் உடம்பையும் வாயையும் பார்த்தார். “நன்றாக இருக்கின்றன, உலர்புல்லை மட்டும் தாராளமாகக் கொடுங்கள்” என்றார். கணினியில் ஏதோ தட்டினார். அவர் தட்டிய அந்த ஒரு வரிதான் எங்களுக்கு வினையாக வந்தது. அதற்கு வருகிறேன்.

பனிக்காலத்தில் ஓர் இரவு பஞ்சு மூலையில் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆசையாகத் தின்னும் கொத்தமல்லியை முன்னால் வைத்தும் முகர்ந்து பார்க்கவில்லை. தட்டில் புழுக்கை இல்லை. முயல் வலியை வெளியே காட்டாத பிராணி. காட்டுகிறது என்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். எங்கள் வைத்தியர் இரவில் பார்ப்பதில்லை. முயல்களையும் பார்க்கும் இரவு வைத்தியசாலை லண்டனின் மறுபக்கத்தில் இருந்தது. சோடியைப் பிரித்தால் பிறகு சண்டை பிடிக்கும் என்பதால் மிளகையும் சேர்த்தே கொண்டுபோனோம்.

வலி மருந்து, சேலைன், குடலை அசைய வைக்கும் மருந்து, சிரிஞ்சில் உணவு, எக்ஸ்ரே. குடல் கொஞ்சம் அசையத் தொடங்கிய பிறகு, மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப் பற்களின் முனைகளைத் தேய்த்தார்கள். நாக்கின் ஓரத்தில் புண் இருந்ததாம். அந்த வைத்தியர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பஞ்சு பிழைத்தது அவர்களால்தான். மொத்தம் 1,264 பவுண்ஸ். காப்புறுதி நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிக்கொள்ள மாட்டோம், நீங்கள் கட்டிவிட்டுத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். கடன் அட்டையில் கட்டினோம். எப்படியும் திரும்பி வரும் பணம்தானே என்று கணவரிடம் சொன்னேன். பதிவான அழைப்பில் வாக்குக் கொடுத்திருந்தார்கள் அல்லவா?

பிறகு தொடங்கியது இழுத்தடிப்பு. கோரிக்கைப் படிவம் கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். முயலின் முழு வைத்தியக் குறிப்பும் வேண்டும் என்றார்கள், அனுப்பினோம். வரவில்லை என்றார்கள், திரும்ப அனுப்பினோம். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் வேறொருவர், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். விற்கும்போது உடனே எடுத்த தொலைபேசியில் இப்போது இசை மட்டும் ஓடியது. விலை ஒப்பிடும் தளத்தைக் கேட்டால், நாங்கள் அறிமுகம் செய்வதோடு சரி என்றது. விற்ற இடத்தைக் கேட்டால், முடிவு எங்கள் கையில் இல்லை, பொறுப்பேற்கும் நிறுவனம் வேறு என்றது. அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி இலக்கமே இல்லை, தபாலில் எழுத வேண்டுமாம். அந்தப் பெண்ணோடு நான் கதைத்த அழைப்பைக் கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். “அந்தப் பதிவு எங்களுக்குக் கிடைக்கவில்லை” என்றார் ஒருவர். “விற்பனைப் பிரிவினர் சொல்வது பொதுவான தகவல்தான், ஒப்பந்தம் ஆகாது” என்றார் இன்னொருவர். 1,264 பவுண்ஸை எதிர்பார்த்து நிற்பவரிடம் “உங்கள் நாள் இனிதாக அமையட்டும்” என்று சொல்லிப் போனை வைப்பதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.

நேற்று வந்த கடிதத்தில் மூன்று காரணங்கள். முதலாவது, விபத்தில் பல் உடைந்தால் தவிர எந்தப் பல் சிகிச்சையும் அடங்காது. அந்தப் பெண் சொன்னதற்கு இது நேர் எதிர். இரண்டாவது, தொடக்கத்துக் காத்திருப்புக் காலமான 14 நாட்களுக்குள் தென்பட்ட எந்த அறிகுறியும், நோயென்று கண்டறியப்படாவிட்டாலும், ‘ஏற்கெனவே இருந்த நோய்’ ஆகும். ஆதாரம் என்ன தெரியுமா? தடுப்பூசி போட்ட அன்று வைத்தியர் தட்டிய வரி: ‘இடது கீழ்க் கடைவாயில் மிகச் சிறிய முனை. சிகிச்சை தேவையில்லை. அடுத்த முறை பார்க்கவும்.’ ஊசி போடு என்று அனுப்பியது அவர்கள். போன இடத்தில் பதிவான வரியை எடுத்து எங்களையே அடித்ததும் அவர்கள்.

மூன்றாவதுதான் உச்சம். குடல் நின்றதாவது நோய் இல்லையா என்று நான் கேட்டிருந்தேன். குடல் நின்றது பல்லால், பல் அடங்காது, ஆகவே குடலும் அடங்காது என்கிறது கடிதம். எக்ஸ்ரே, சேலைன், வலி மருந்து, இரவுக் கட்டணம் எல்லாமே பல்லின் கணக்கில் ஏறிவிட்டன. முயல் வளர்ப்பவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள். முயலுக்குக் குடல் பெரும்பாலும் தானாக நிற்பதில்லை. பல்வலி, பயம், வேறு நோய், உணவு மாற்றம் என்று பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். அந்த ஏதோ ஒன்று அடங்காதவற்றின் பட்டியலில் இருந்துவிட்டால் மொத்தச் செலவும் உங்கள் தலையில். அப்படியானால் நாங்கள் மாதாமாதம் கட்டியது எதற்கு? முயலுக்கு மிகச் சாதாரணமாக வருவதையே விலக்கிவிட்டு, முயல் காப்புறுதி என்று பெயர் வைத்து விற்பது பகல் கொள்ளை.

எங்களிடம் இந்த 1,264 பவுண்ஸ் சும்மா கிடந்த பணம் அல்ல. மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒதுக்கியதும் அதில் போனது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. அவசரமானவற்றை மட்டும் எழுதுகிறேன். சுருக்கத் தாள் போதாது, முழு நிபந்தனைப் புத்தகத்தையும் திறந்து ‘பல்’ வரும் இடமெல்லாம் தேடுங்கள். தொலைபேசியில் தரும் வாக்கை நம்ப வேண்டாம். அதே கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வராமல் பணம் கட்டாதீர்கள். உங்கள் வைத்தியர் முயலைப் பற்றி எழுதி வைத்திருக்கும் குறிப்புகளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், காப்புறுதி நிறுவனம் பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள். வாங்கிய பிறகு சந்தேகம் வந்தால் 14 நாட்களுக்குள் இரத்துச் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. எக்ஸஸ் என்று நாம் முதலில் கட்ட வேண்டிய தொகை ஒவ்வொரு முயலுக்கும் தனித்தனியா என்றும் கேளுங்கள்.

ஏற்கெனவே என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு: அழைப்புப் பதிவு இல்லை என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களைப் பற்றி வைத்திருக்கும் எல்லாவற்றையும், பதிவுகள் உட்பட, கேட்டு எழுதுங்கள். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். நான் இன்று காலை எழுதிவிட்டேன். முறைப்பாட்டையும் எழுத்தில் கொடுங்கள். எட்டு வாரத்தில் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தால், நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம்; அதற்கும் கட்டணம் இல்லை. இறுதிப் பதில் கடிதத்தின் திகதியிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். அந்தத் திகதியைக் குறித்து வையுங்கள்.