ஜாகுவார் மார்க் 2-இல் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் கிட்: ஒரு வருடம் ஓட்டிய பிறகு

என் வண்டி 1962 மார்க் 2, 3.4 லிட்டர். பவர் ஸ்டீயரிங் இல்லாமல் வந்தது. முன்பக்கம் வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின். ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. நிறுத்துவதற்காக மெதுவாகத் திருப்பும்போதுதான் அத்தனை எடையும் தோளுக்கு வந்து சேரும். எனக்கு வயது 61. இரண்டு வருடத்துக்கு முன் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது; அதற்குப் பிறகு இந்த வண்டியை வெளியே எடுக்கவே பயந்தேன். விற்க மனம் வரவில்லை. அதனால்தான் கிட் வாங்கினேன்.

இந்த வகைக் கிட்டில் ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து கீழே இறங்கும் ஸ்டீயரிங் தண்டோடு ஒரு மின் மோட்டார் இருக்கும். நாம் எவ்வளவு பலம் போட்டுத் திருப்புகிறோம் என்பதை ஒரு சென்சார் அளந்து சொல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கேற்ப மோட்டாரை ஓட்டும். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு திருகு; உதவி எவ்வளவு வேண்டும் என்பதை அதில் கூட்டிக் குறைக்கலாம். எண்ணெய் பம்ப், ஹோஸ், பெல்ட் எதுவும் கிடையாது. கார்களில் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்தது. மின் மோட்டார் முறை 1988-இல் சுசுகி செர்வோவில்தான் வந்தது. அறுபதுகளின் வண்டிக்குள் எண்பதுகளின் பொருளை நுழைக்கிறோம். அதற்கான வேலை இருக்கத்தான் செய்யும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் கனமாக இருந்தால் இந்தக் கிட் அருமையான மருந்து. ஸ்டீயரிங்கில் ஆட்டம், அதாவது திருப்பினாலும் முன் சக்கரம் உடனே திரும்பாத தளர்வு, இருந்தால் இது மருந்தே இல்லை. தேய்ந்த மூட்டுகளை மோட்டாரும் சேர்ந்து தள்ளும். கைக்கு இலேசாக இருப்பதால் ஆட்டம் நமக்குத் தெரியாமலே போய்விடும். என் வண்டியில் இரண்டு கோளாறும் இருந்தன. கிட் வந்த அன்றே பூட்டிவிடலாம் என்று நான் பறந்தேன். தம்பிதான் விடவில்லை. "அக்கா, முதல்ல கீழ என்ன இருக்குன்னு பாப்போம். பெட்டி எங்கயும் ஓடிடாது" என்றான். அதற்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரம்தான் வண்டியைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

முதலில் டயர். முன் டயர்கள் இரண்டிலும் காற்று ஆறு பி.எஸ்.ஐ குறைவு. அதைச் சரிசெய்ததுமே பாரம் கொஞ்சம் இறங்கியது. அடுத்தது ஸ்டீயரிங் சக்கரம். காரோடு வந்தது 17 அங்குலம். எனக்கு விற்றவர் அழகுக்காக 14 அங்குலச் சக்கரம் மாட்டியிருந்தார். சக்கரம் சிறுத்தால் நெம்பும் தூரமும் சிறுக்கும். அதே திருப்பத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் பலம் போட வேண்டும். பழைய சக்கரம் பரணில் பத்திரமாக இருந்தது, எடுத்து மாட்டினோம்.

பிறகு ஆட்டத்தைத் தேடினோம். வண்டி தரையில் நிற்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சக்கரத்தை இடமும் வலமும் சின்னதாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்க்க வேண்டும். இதை ஜாக்கி ஏற்றிச் செய்யக்கூடாது. டயர் தரையில் பதிந்திருந்தால்தான் தேய்ந்த மூட்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும். நான் ஆட்டினேன், தம்பி தொட்டுப் பார்த்தான். இடது டை ராட் எண்டில் (முன் சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டு) கண்ணால் பார்க்கிற அளவுக்கு ஆட்டம். அந்தத் தண்டுகளை மறுபக்கத்தில் தாங்கும் ஐட்லரிலும் கொஞ்சம். ஸ்டீயரிங் தண்டின் கீழே அதை வளைந்து திரும்ப விடும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்டில் ஒரு 'டிக்' சத்தம். மூன்றையும் மாற்றினோம்.

கனம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேறு சோதனை. முன்பக்கத்தை ஏற்றி, ஸ்டாண்டில் பத்திரமாக உட்காரவைத்து, ஸ்டீயரிங் தண்டின் சுழற்சியை முன் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து இணைப்புத் தண்டுகளைக் கழற்றிவிட வேண்டும். இப்போது முன் சக்கரங்களைக் கையால் திருப்பிப் பார்த்தால், அவை திரும்பும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் இறுகியிருக்கிறதா என்று தெரியும். உள்ளே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தால் பாக்ஸும் ஸ்டீயரிங் தண்டும் எப்படி என்று தெரியும். எங்களுக்குச் சக்கரங்கள் இலேசாகத் திரும்பின. பாக்ஸ் நடுவில் சரியாக இருந்தது, இரண்டு பக்கமும் போகப் போக இறுகியது.

காரணம் புரிந்தது. பாக்ஸ் மேல் மூடியில் ஒரு திருகும் லாக் நட்டும் இருக்கின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உள்ளே இருக்கும் பாகங்கள் நடுவில்தான் அதிகம் தேயும். யாரோ ஒரு மெக்கானிக், நடுவில் உள்ள ஆட்டம் முழுதும் போகும்வரை அந்தத் திருகை முறுக்கியிருக்கிறார். தேயாத ஓரங்களில் அது இறுகிப் பிடித்துவிட்டது. திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராமல் நின்றதும் இதனால்தான். திருகைத் தளர்த்தினோம், குறைந்திருந்த கியர் ஆயிலை (இ.பி. 90) நிரப்பினோம். நேராக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்த்தோம். எங்கும் பிடிக்கக்கூடாது. நடுவில் துளி ஆட்டம் மிச்சம் இருக்கிறது. தேய்ந்த பாக்ஸில் அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கடைசியாக வீல் அலைன்மென்ட்.

இவ்வளவும் முடித்து ஓட்டியபோது, தோள் நன்றாக இருக்கும் ஒருவருக்கு இதுவே போதும் என்று தோன்றியது. தம்பி கிட்டைத் திருப்பி அனுப்பலாமா என்றுகூடக் கேட்டான். எனக்குப் போதவில்லை. பூட்டினோம்.

கிட்டைப் பொருத்துவதில் இரும்பு வேலை ஒரு நாள். மின் வேலைதான் படுத்திவிட்டது. மார்க் 2 பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும்; கிட்டுக்கு அதற்கு நேர்மாறான நெகட்டிவ் எர்த் வேண்டும். இது பெட்டிக்குள் இருந்த தாளில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி. மாற்றாமல் இணைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி புகைந்துவிடும். நின்ற இடத்தில் முழுதாகத் திருப்பும்போது மோட்டார் நாற்பது ஆம்பியருக்குப் பக்கமாக இழுக்கிறது. வண்டிக்கு மின்சாரம் தரும் பழைய டைனமோவால் அதைத் தாங்க முடியாது. அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாட்டி, பேட்டரியைத் திருப்பி, அம்மீட்டர், காயில் இணைப்புகளையும் மாற்றினோம். ஆர்.பி.எம். மீட்டரைத் தொடவில்லை, எஞ்சினின் கேம்ஷாஃப்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஜெனரேட்டரிலிருந்து அது ஓடுவதால் எர்த் எந்தப் பக்கம் என்பது அதற்குக் கவலையில்லை. மோட்டாருக்கு ஃபியூஸோடு தனித் தடித்த ஒயர் பேட்டரியிலிருந்தே வர வேண்டும்.

இந்த ஒரு வருடத்தில் நிறுத்துவது ஒற்றைக் கை வேலையாகிவிட்டது. தோள் வலியில்லை. ஒருமுறை வேண்டுமென்றே ஃபியூஸைக் கழற்றி ஓட்டிப் பார்த்தேன். பழையபடி கனத்தது, ஆனால் முன் சக்கரங்களோடு இருக்கும் நேரடித் தொடர்பு விடவில்லை. அந்த நம்பிக்கை எனக்கு அவசியம்.

குறையும் உண்டு. உதவியை அதிகம் வைத்தால் வேகத்தில் சாலையே கைக்குத் தெரிவதில்லை, ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பவும் சோம்பல்படுகிறது. நான் வாங்கிய கிட்டில் வேகத்தைப் பார்த்து உதவியைக் குறைக்கும் வசதி இல்லை. இனி வாங்குபவர்கள் அந்த வசதி உள்ளதையே கேட்டு வாங்குங்கள். நான் திருகை மூன்றில் ஒரு பங்கில் நிறுத்திவிட்டேன். நீண்ட தூரம் போகும்போது அதையும் குறைத்துக்கொள்கிறேன்.